நிறுவும்போது வந்த ரகசியச் சாவியை மாற்றாமல் விட்டால் உண்மையில் என்ன ஆபத்து?

பொறுப்பேற்றவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்பிருந்தவர் நிறுவிவிட்டுப் போன ஒரு திறமூல அறிக்கைப் பலகையின் பராமரிப்பு சென்ற மாதம் என் கைக்கு வந்தது. பைதானில், ஃபிளாஸ்க் சட்டகத்தின் மேல் எழுதப்பட்ட செயலி அது. ஒரு கண்டெய்னரில் (செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பொதியில்) ஓடுகிறது. ஐந்தாறு தரவுத்தளங்களோடு இணைந்து, ஏறக்குறைய நூற்றைம்பது பேருக்குத் தினமும் அறிக்கை காட்டுகிறது. பதிப்பை உயர்த்தலாம் என்று கட்டமைப்புக் கோப்பைத் திறந்தபோது, ‘சீக்ரெட் கீ’ (ரகசியச் சாவி) என்ற வரிக்கு நேரே இருந்த மதிப்பை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. தேடிப் பார்த்தால், அந்தச் செயலியின் நிறுவல் கையேட்டில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் எழுத்துக்கோவையேதான். ஓர் எழுத்துகூட மாறாமல் எங்கள் சர்வரில் மூன்று ஆண்டுகளாக இருந்து வருகிறது.

மேலாளரிடம் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டவை நியாயமான கேள்விகள். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. எல்லாரிடமும் வலுவான கடவுச்சொல் இருக்கிறது, நிர்வாகிகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இருக்கிறது, செயலியோ உள்வலையமைப்பில் மட்டும்தான் திறக்கிறது. அப்படியிருக்க, கோப்பில் ஒரு வரி பழையபடி இருப்பதால் யார் எப்படி உள்ளே வந்துவிட முடியும் என்கிறார். இன்னொன்றும் கேட்டார்: ‘மூன்று ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே?’

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, இந்தச் சாவி வெளியே தெரிந்திருப்பதால் நடக்கக்கூடியது என்ன என்பதை, பாதுகாப்புத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கும் விளங்கும்படி எப்படிச் சொல்வது? இரண்டு, இன்று இரவே அந்த வரியை மாற்றிச் செயலியை மறுபடி தொடக்கிவிட்டால் நாளைக் காலையில் எதெல்லாம் உடைந்து கிடக்கும்?

---

சல்லடை எழுதியது:

உங்கள் மேலாளர் கடவுச்சொல்லையும் இந்தச் சாவியையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறார். பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் ஒருவர் உள்ளே நுழையும்போது ஒரே ஒரு முறை கேட்கப்படுபவை. நுழைந்த பிறகு அவர் யார் என்பதைச் சர்வருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது, ஒவ்வொரு வேண்டுகோளோடும் உலாவி அனுப்பும் செஷன் (அமர்வு) குக்கி என்ற சிறு தரவுத்துண்டுதான். உங்கள் உலாவியில் அந்தக் குக்கியை எடுத்துப் பாருங்கள். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகள் இருக்கும். முதல் துண்டில் பயனர் எண் முதலிய விவரங்கள் பேஸ்64 என்ற எழுத்து வடிவில் இருக்கின்றன. அதில் எந்தக் குறியாக்கமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். இரண்டாவது துண்டு நேர முத்திரை. மூன்றாவது துண்டு கையொப்பம்: முதல் இரண்டு துண்டுகளையும் ரகசியச் சாவியையும் சேர்த்து ஹெச்மேக் என்ற முறையில் கணக்கிட்டு வரும் மதிப்பு. ஃபிளாஸ்க் தன் இயல்பான அமைப்பில் எந்தச் செஷனையும் சர்வர் பக்கம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. குக்கி வந்ததும் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. கையொப்பம் பொருந்தினால், உள்ளே எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறது.

ஆகவே, சாவியைத் தெரிந்து வைத்திருப்பவர் உள்நுழைவுப் பக்கத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. பயனர் எண் 1 என்று எழுதி (முதலில் உருவான கணக்குதான் பெரும்பாலும் நிர்வாகி), தெரிந்த சாவியால் கையொப்பமிட்டு, அந்தக் குக்கியைத் தன் உலாவியில் ஒட்டிக்கொண்டால் போதும். கடவுச்சொல் எத்தனை எழுத்து நீளம் என்பதோ, கைப்பேசிக்கு எண் வருகிறதா என்பதோ அங்கே கேள்வியாகவே எழாது, ஏனென்றால் அந்தக் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றுதான் அந்தக் குக்கி சொல்கிறது. மேலாளரிடம் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: வாசலில் காவலர் அடையாள அட்டையைக் கறாராகச் சரிபார்க்கிறார், ஆனால் அட்டையில் குத்தும் ரப்பர் முத்திரையின் அச்சை அலுவலகமே கையேட்டில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டது.

‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடவுச்சொல்லை ஊகிப்பவர் தவறான முயற்சிகளை லாக் கோப்பில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) விட்டுச் செல்வார், பத்து முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும், யாராவது கவனிப்பார்கள். சாவியைச் சோதிப்பவருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்தாலே பல செயலிகள் ஒரு குக்கியைக் கொடுத்துவிடும், ஏனென்றால் படிவப் பாதுகாப்புக்கான டோக்கன் என்ற அடையாளக் குறியைச் செஷனில்தான் வைக்கிறார்கள். அந்த ஒரு குக்கியை எடுத்துக்கொண்டு போய்த் தன் கணினியிலேயே, உங்கள் சர்வரை மறுபடி ஒரு முறைகூடத் தொடாமல், தெரிந்த சாவிகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பொருந்தும் சாவி கிடைத்த பிறகு அவர் அனுப்பும் வேண்டுகோள், லாக்கில் நிர்வாகியின் வழக்கமான வேண்டுகோளைப் போலத்தான் தெரியும். மூன்று ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கும், நடந்தது தெரியவில்லை என்பதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்க உங்களிடம் என்ன பதிவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இது ஏட்டளவிலான அச்சமும் அன்று. அபாச்சி சூப்பர்செட் என்ற அறிக்கைச் செயலியில் இதே குறை இருப்பதை ஹொரைசன்3.ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021 அக்டோபரில் அந்தத் திட்டக்குழுவுக்குத் தெரிவித்தார்கள். குழு 2022 ஜனவரியில் நிறுவும்போதே வரும் அந்த இயல்புநிலைச் சாவியை எடுத்துவிட்டு, ‘இதைச் சிக்கலான ஒரு ரகசியமாக மாற்றவும்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தை அந்த இடத்தில் வைத்தது. மாற்றாவிட்டால் லாக்கில் ஓர் எச்சரிக்கை வரும்படியும் செய்தது. ஓராண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் இணையத்தில் திறந்திருந்த மூவாயிரத்துச் சொச்சம் சூப்பர்செட் சர்வர்களை மறுபடி சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னமும் ஏதோவோர் இயல்புநிலைச் சாவியோடுதான் ஓடிக்கொண்டிருந்தன. மாற்றச் சொல்லும் அந்த வாசகத்தையே சாவியாக வைத்து ஓட்டியவர்களும் அதில் அடக்கம். கடைசியில் 2023 ஏப்ரலில் வந்த 2.1 பதிப்பில்தான், இயல்புநிலைச் சாவி இருந்தால் செயலி தொடங்கவே மறுக்கும்படி செய்தார்கள். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-27524 என்ற எண்ணில் இது பதிவாகி, நடைமுறையில் சுரண்டப்படும் குறைகளுக்கென அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா வைத்திருக்கும் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. எச்சரிக்கை வாசகத்தால் ஆகாத காரியம் தொடங்க மறுத்ததால் ஆனது என்பதை உங்கள் மேலாளரிடம் தனியாகவே சொல்லலாம்.

---

நிதானி எழுதியது:

சல்லடை அவர்கள் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இதைப் படித்த வேகத்தில் இன்று இரவே அந்த வரியை மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல செயலிகளில் அந்த ஒரே சாவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. குக்கியில் கையொப்பமிடுவது ஒன்று. நீங்கள் இணைத்திருக்கும் தரவுத்தளங்களின் கடவுச்சொற்களைக் குறியாக்கம் செய்து வைப்பது இன்னொன்று. குக்கி மட்டும் என்றால் சாவியை மாற்றியதும் எல்லாரும் வெளியேற்றப்படுவார்கள், மறுபடி உள்நுழைவார்கள், சிறிது முணுமுணுப்போடு விஷயம் முடிந்துவிடும். குறியாக்கமும் அதே சாவியில் நடந்திருந்தால், சாவி மாறிய மறுநொடி அந்தக் கடவுச்சொற்கள் ஒன்றையும் செயலியால் படிக்க முடியாது. அத்தனை அறிக்கைகளும் இணைப்புப் பிழையோடு நிற்கும். பழைய சாவியையும் யாராவது அழித்துவிட்டார்கள் என்றால் ஒவ்வோர் இணைப்பையும் கையால் திரும்பக் கட்ட வேண்டியதுதான். நான் ஒரு முறை கட்டியிருக்கிறேன். ஒரு வார இறுதி முழுதும் அதிலேயே போயிற்று.

உள்வலையமைப்பில் மட்டும் திறக்கும் செயலி என்பதால், இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு நகலில் ஒத்திகை பார்த்துவிட்டு மாற்றுவதால் பெரிய இழப்பு வந்துவிடாது என்பது என் கருத்து.

---

இரவுப்பணி எழுதியது:

ஒத்திகை பார்க்கச் சொன்னது சரி. ‘உள்வலையமைப்பு’ என்ற சொல்லின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. நூற்றைம்பது பேர் பயன்படுத்தும் செயலி என்று கேள்வி கேட்டவரே சொல்கிறார். அந்த நூற்றைம்பது பேரில் எவரும், தாம் பார்க்கக்கூடாத அறிக்கையைப் பார்ப்பதற்கு, கையேட்டின் ஒரு பக்கத்தைப் படித்தால் போதும் என்ற நிலைதான் இப்போது இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர்தான் திருடர் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொரு கோணமும் உண்டு. சோதனைக்கென்று அதே செயலியின் இன்னொரு நகலை ஓட்டுகிறீர்களா? அதிலும் அதே இயல்புநிலைச் சாவி இருந்தால், போலிக் குக்கி செய்யும் அறிவுகூட யாருக்கும் தேவைப்படாது. வேலைகளை நேரப்படி ஓட்டும் அபாச்சி ஏர்ஃபுளோ என்ற செயலியில் 1.10.14 பதிப்புக்கு முன்புவரை இதுதான் நிலைமை: எல்லா நிறுவல்களுக்கும் ஒரே இயல்புநிலைச் சாவி இருந்ததால், ஒரு தளத்தில் முறைப்படி உள்நுழைந்தவர், அங்கே கிடைத்த செஷனைக் கொண்டே தமக்கு அனுமதி இல்லாத இன்னொரு தளத்துக்குள் போக முடிந்தது. சிவிஇ-2020-17526 என்பது அதற்கான எண். சோதனைச் சர்வரில் யாவருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்து வைப்பது நம்மிடையே வழக்கம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சாவியை மாற்றுவதில் நானே விழுந்த இரண்டு குழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது. எங்கள் நிரலில் சாவியைச் சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பிலிருந்து) எடுக்கும்படியும், அது இல்லாவிட்டால் நிரலிலேயே எழுதியிருக்கும் ஒரு மாற்று மதிப்பை எடுக்கும்படியும் எழுதியிருந்தோம். உருவாக்குநரின் கணினியில் எளிதாக ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த வசதி அது. மெய்ச் சர்வரில் (பயனர்கள் உண்மையில் பயன்படுத்துவதில்) வலுவான சாவி ஒன்றை உருவாக்கி, சூழல் கோப்பில் எழுதி, மாற்றிவிட்டதாகப் பதிவேட்டிலும் குறித்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ தேடும்போதுதான் தெரிந்தது, மாறியின் பெயரில் ஓர் அடிக்கோடு விடுபட்டிருக்கிறது. செயலி அந்தப் பெயரைக் காணாமல், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல், மாற்று மதிப்பை எடுத்துக்கொண்டு எட்டு மாதமும் ஓடியிருக்கிறது. செயலி நன்றாகத்தான் ஓடியது, அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, சாவி கிடைக்காவிட்டால் பிழையோடு நின்றுவிட வேண்டும் என்று எழுதுகிறோம். மாற்று மதிப்பு என்ற பேச்சே இல்லை.

இரண்டாவது, அதற்கு முன்பே நடந்த அபத்தம். ‘தொடங்கும்போது தானே ஒரு ராண்டம் சாவியை உருவாக்கிக்கொள்ளட்டுமே’ என்று ஒருவர் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினார். அவருடைய கணினியில் பிழையின்றி ஓடியது. மெய்ச் சர்வரில் நான்கு வொர்க்கர்கள் (செயலியை இணையாக ஓட்டும் செயல்முறைகள்) தனித்தனியே அந்தக் கோப்பைப் படித்து, ஆளுக்கொரு சாவியை உருவாக்கிக்கொண்டன. ஒன்று கையொப்பமிட்ட குக்கியை மற்ற மூன்றும் ஏற்கவில்லை. பயனர் ஒருவர் உள்நுழைவார், அடுத்த பக்கத்தில் வெளியே நிற்பார், பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி உள்ளே இருப்பார். இரண்டு நாள் அதை வலையமைப்புக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சாவி ஒரு முறை மட்டும் உருவாக வேண்டும், நிரலுக்கு வெளியே ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும், எல்லா வொர்க்கர்களும் அதையே படிக்க வேண்டும்.

---

பொறுப்பேற்றவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நிதானி அவர்கள் சொன்னபடி நகல் ஒன்றை எடுத்து அதில் சாவியை மாற்றிப் பார்த்தேன். அவர் எச்சரித்தது அப்படியே நடந்தது: எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள் என்பது பொருட்டில்லை, ஆறு தரவுத்தள இணைப்புகளும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. செயலியின் கையேட்டை இன்னும் கவனமாகப் படித்தபோது, பழைய சாவியையும் புதிய சாவியையும் தனித்தனி வரிகளில் கொடுத்து, சேமித்த ரகசியங்களை மறுகுறியாக்கம் செய்யும் கட்டளை ஒன்று இருப்பது தெரிந்தது. அதை ஓட்டியதும் ஆறும் உயிர்பெற்றன.

இரவுப்பணி அவர்களின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். ஆம், சோதனைச் சர்வர் இருக்கிறது. ஆம், அதிலும் அதே சாவிதான். என் சோதனைக் கணக்கின் குக்கியை எடுத்து மெய்ச் சர்வரில் ஒட்டிப் பார்த்தேன். அங்கே அதே எண்ணுள்ள பயனர் ஒருவரின் முகப்புப் பக்கம், அவருடைய பெயரோடு, என் திரையில் விரிந்தது. அதை மேலாளரின் மேசையில் வைத்தே செய்து காட்டினேன். அதன்பிறகு அவர் வேறு விளக்கம் கேட்கவில்லை.

எனக்கு மீதம் இருக்கும் ஐயம் இது: சாவியை மாற்றி, மறுகுறியாக்கமும் செய்துவிட்டால், அந்தத் தரவுத்தளங்களின் கடவுச்சொற்களையும் மாற்றத்தான் வேண்டுமா? ஆறு குழுக்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் தயங்குகிறேன். புதிய சாவியை எப்படி உருவாக்குவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சல்லடை எழுதியது:

மாற்றத்தான் வேண்டும். அந்தக் கடவுச்சொற்கள் மூன்று ஆண்டுகளாக ஊரறிந்த சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன என்றால், குறியாக்கமே இல்லாமல் எழுதி வைத்திருந்ததற்கும் அதற்கும் நடைமுறையில் வேறுபாடு கிடையாது. செயலியின் சொந்தத் தரவுத்தளத்துக்கு எடுத்த பழைய காப்புப் பிரதி ஏதேனும் யார் கையிலாவது இருந்தால், அவர் இன்றைக்கும் அதைத் திறந்து படிக்கலாம். நீங்கள் இன்று மாற்றும் சாவி அந்தப் பிரதிக்குள் போய் எதையும் மாற்றப்போவதில்லை.

பயனர் பட்டியலையும் பாருங்கள். போலிக் குக்கியோடு ஒருவர் முன்பே நுழைந்திருந்தால், அவர் முதலில் செய்திருக்கக்கூடியது தமக்கென முறையான கணக்கு ஒன்றை நிர்வாகி உரிமையோடு உருவாக்கிக்கொள்வதுதான். அந்தக் கணக்கு சாவி மாற்றத்தால் போகாது. தெரியாத பெயர்கள், யாரும் கொடுத்ததாக நினைவில்லாத உரிமைகள், உள்நுழைவுப் பதிவே இல்லாமல் நிர்வாகிப் பக்கங்களைத் திறந்த முகவரிகள், இவற்றை லாக் எவ்வளவு பின்னோக்கி இருக்கிறதோ அவ்வளவு தூரம் தேடிப் பாருங்கள்.

---

ஆவணக்காரர் எழுதியது:

சாவி உருவாக்கும் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு வாக்குமூலம்: இப்படிப்பட்ட கையேடுகளை எழுதுவதுதான் என் தொழில். எடுத்துக்காட்டில் வெற்றிடம் விட்டால் ‘ஓடவில்லை’ என்று நூறு கடிதம் வரும் என்பதால், ஏதோ ஓர் எழுத்துக்கோவையை நிரப்பிவிட்டு, கீழே ‘மாற்றவும்’ என்று எழுதி மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்வது எங்கள் வழக்கமாக இருந்தது. படிப்பவர் ஒட்டுவதை மட்டும் ஒட்டிவிட்டு அந்த வரிக்கு வருவதற்குள் செயலி ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்குமேல் யார் படிப்பார்கள்?

இது எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதற்கு ஜாவா உலகின் அபாச்சி ஷிரோ என்ற பாதுகாப்பு நூலகம் நல்ல சான்று. ‘என்னை நினைவில் வை’ குக்கியைக் குறியாக்கம் செய்யும் சாவி அதன் மூல நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. சாவி தெரிந்தவர் அந்தக் குக்கிக்குள் தாம் விரும்பும் ஜாவா பொருளை வைத்து அனுப்பி, சர்வரில் தம் கட்டளையை ஓட்ட முடிந்தது. 2016-இல் வந்த 1.2.5 பதிப்பு அந்த நிலைச்சாவியை நீக்கியது. ஆனால் அதற்குள் பயிற்சிக் கட்டுரைகளிலும் மாதிரி நிரல்களிலும் வேறு வேறு சாவிகள் ஒட்டப்பட்டுப் பரவிவிட்டன. தாக்குபவர்களின் கருவிகள் இன்றும் அப்படிப்பட்ட சாவிகளின் நீண்ட பட்டியலோடுதான் வருகின்றன. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எச்சரிக்கையும் இதே கதைதான்: கையேடுகளிலும் நிரல் களஞ்சியங்களிலும் வெளிப்படையாகக் கிடக்கும் ஏஎஸ்பி.நெட் (அவர்களின் வலைச் சட்டகம்) இயந்திரச் சாவிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு சாவியைக் கொண்டு தாக்குதலும் நடந்திருந்தது. அதே நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வரில் நிர்வாகியின் அலட்சியம்கூடத் தேவைப்படவில்லை. நிறுவும்போது தனித்தனியாக உருவாகியிருக்க வேண்டிய சாவி எல்லா நிறுவல்களிலும் ஒன்றாகவே இருந்தது. சாதாரண அஞ்சல் கணக்கு ஒன்றை வைத்திருப்பவர் சர்வரின் உச்ச உரிமையைப் பெற முடிந்தது. 2020 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள்.

பொறுப்பாகச் செய்தவர்களும் உண்டு. வேர்ட்பிரஸ் மாதிரிக் கோப்பில் ‘உங்கள் தனித்துவமான சொற்றொடரை இங்கே இடவும்’ என்று பொருள்படும் ஆங்கில வரி இருக்கும். அதை யாரும் மாற்றாவிட்டால் செயலி அதைச் சாவியாக ஏற்பதில்லை, தானே ஒன்றை உருவாக்கித் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. ஃபிளாஸ்க்கைப் போன்ற பைதான் சட்டகமான ஜாங்கோ ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் தனிச் சாவியை உருவாக்குவதோடு, 3.2 பதிப்பிலிருந்து அந்தச் சாவியின் முன்னொட்டாகவே ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிவிடுகிறது. மெய்ச் சர்வருக்குப் போகும் முன் செய்யும் சோதனை அந்த முன்னொட்டைக் கண்டால் எச்சரிக்கும். 4.1 பதிப்பிலிருந்து பழைய சாவிகளுக்கென ஒரு பட்டியலையும் வைத்துக்கொள்ளலாம்: புதிய சாவியால் கையொப்பமிடும், பழையவற்றால் சரிபார்க்க மட்டும் செய்யும். அதனால் சாவி மாறினாலும் பயனர்கள் வெளியேற்றப்படுவதில்லை. ஆனால் உங்கள் நிலைமையில் அந்த வசதி இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். ஊரறிந்த பழைய சாவியைச் சரிபார்ப்புப் பட்டியலில் வைத்தால், போலிக் குக்கிகளும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

இனி, உருவாக்குவது. குறியாக்கக் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ராண்டம் கட்டளையிடமோ பைதானின் சீக்ரெட்ஸ் நூலகத்திடமோ 32 பைட்டுகளைப் பதினறும வடிவில் (0 முதல் 9 வரை எண்களும் a முதல் f வரை எழுத்துகளும்) கேளுங்கள். 64 எழுத்துகள் வரும், அதுவே 256 பிட். உங்கள் மனத்தில் தோன்றிய வாக்கியம், நிறுவனத்தின் பெயரோடு ஆண்டைச் சேர்த்தது போன்றவை வேண்டா. ராண்டம் என்று நம்பியது ராண்டமாக இல்லாமல் போன வரலாறும் உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் 2006-இல் செய்த ஒரு மாற்றத்தால், 2008 மே மாதம் அந்தப் பிழை வெளியே தெரியும் வரை, சாவி உருவாக்கத்தில் மாறிக்கொண்டிருந்தது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் எண் மட்டும்தான். ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்துக்கு 32,768 சாவிகளுக்குமேல் உருவாகவே வழியில்லை. ஒவ்வொருவரும் தமக்கென்று தனிச் சாவி வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினறும வடிவத்தை நான் வற்புறுத்துவதற்கு அற்பமான ஒரு காரணம் உண்டு. சிறப்புக் குறிகள் கலந்த சாவியை உருவாக்கிக் கண்டெய்னரின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் ஒட்டினால், டாலர் குறியை அது ஒரு மாறியின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடும். சில பைதான் கட்டமைப்புக் கோப்புகள் சதவீதக் குறியிடம் அதே போல் நடந்துகொள்ளும். எண்ணும் ஆறு எழுத்துகளும் மட்டும் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. உருவாக்கியதை நிரல் களஞ்சியத்தில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பிறகு நீக்கினாலும் கிட் (நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) வைத்திருக்கும் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும்.

---

நிதானி எழுதியது:

‘பெரிய இழப்பு வந்துவிடாது’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சோதனைச் சர்வரின் குக்கி மெய்ச் சர்வரில் திறந்தது என்று படித்ததும் எங்கள் இரண்டு சர்வர்களிலும் போய்ப் பார்த்தேன். சாவி வேறு வேறாக இருந்தது; ஆனால் ஒரே கணினிப் படிமத்திலிருந்து நகலெடுத்தவை என்பதால் இரண்டின் எஸ்எஸ்ஹெச் புரவலன் சாவிகளும் (தொலைவிலிருந்து நுழைபவருக்குச் சர்வர் தன்னை அடையாளம் காட்டுபவை) ஒன்றாக இருந்தன. படிமம் எடுக்கும் முன் அவற்றை அழித்திருக்க வேண்டும். இன்று மாலை அந்த வேலைதான்.

---

பொறுப்பேற்றவன் எழுதியது:

வேலை முடிந்ததைத் தெரிவிக்க எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் செயலியை நிறுத்தி, காப்புப் பிரதி எடுத்து, புதிய சாவியை இட்டு, மறுகுறியாக்கக் கட்டளையை ஓட்டி மறுபடி தொடக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சோதனைச் சர்வருக்கு வேறு சாவி. இரவுப்பணி அவர்களின் அனுபவத்தைப் படித்திருந்ததால், சூழல் மாறியின் பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதி ஒரு முறை தொடக்கிப் பார்த்தேன். எங்கள் செயலியும் முனகாமல் இயல்புநிலைச் சாவியோடு தொடங்கிவிட்டது. கட்டமைப்புக் கோப்பில் மூன்று வரி சேர்த்து, இப்போது பிழை காட்டி நிற்கும்படி செய்திருக்கிறேன்.

ஆறு தரவுத்தளங்களில் நான்கின் கடவுச்சொற்கள் மாறிவிட்டன. மற்ற இரண்டு குழுக்களும் புதன்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறார்கள். பயனர் பட்டியலில் யாருக்கும் அடையாளம் தெரியாத இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று எனக்கு முன்பிருந்தவர் சோதனைக்காக வைத்துக்கொண்டது என்று அவரையே கேட்டு உறுதிசெய்தேன். இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை. நிர்வாகி உரிமை அதற்கு இல்லை, லாக் இருக்கும் தொண்ணூறு நாளில் அது ஒரு முறையும் நுழையவில்லை. முடக்கி வைத்திருக்கிறேன்.

பழைய காப்புப் பிரதிகளைத் திறக்க நேர்ந்தால் பழைய சாவி வேண்டுமே என்று அதையும் ஓர் உறையிலிட்டு வைக்கப் போனேன். கையேட்டின் பழைய பதிப்பிலேயே அது அச்சாகியிருக்கிறது என்று மேலாளர் நினைவூட்டினார்.